கத்திரி படாத முடி

இந்த ஆண்டு பயிற்சி முடித்துப் புதிதாக பார்லர் வைக்கப்போகும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள் உங்கள் பயிற்சி நிலையத்தார். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: முடியை நீளமாக வளர்க்க நினைப்பவர்களுக்குப் பரட்டையையும் நுனி வெடிப்பையும் சமாளிப்பது எப்படி. சூரமங்கலத்தில் இருபத்தெட்டு வருஷம் பார்லர் நடத்தியவள் என்பதால் என்னைப் பிடித்தார்கள். தோள்பட்டை ஒத்துழைக்காமல் போன வருஷம் கடையை மூடிவிட்டேன். இனி எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கோபித்துக்கொண்டு போய்விடப் போவதில்லை, அதனால் உண்மையை எழுதலாம்.

நீங்கள் எதிர்பார்க்கும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பாதி பரட்டைக்குக் காரணம் போர் தண்ணீர். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் தலையிலும் படிகிறது. கடைசி இரண்டு சொம்பாவது குழாயில் வரும் மேட்டூர் ஆற்றுத் தண்ணீராக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ஈரத் தலையைத் துண்டைப் போட்டுத் தேய்க்காமல் பழைய பருத்திச் சேலைத் துணியில் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். அகலப் பல் சீப்பு, தளர்ந்த பின்னல். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பாட்டிலின் மேல் எழுதியிருக்கும், படித்துக்கொள்ளலாம்.

நுனி வெடிப்புக்கு மட்டும் பாட்டிலில் மருந்து கிடையாது. பிளந்த முடி ஒட்டாது. வெட்டாமல் விட்டால் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும், ஒருநாள் அங்கேயே உடைந்து விழும். அதனால் நீளமாக வளர்க்க வேண்டுமானால் அவ்வப்போது கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும். இதைப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள். ஏதோ அவர்கள் கழுத்தையே கேட்டதுபோல நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். "வளர்க்கத்தானே வந்தேன், வெட்டுறதுக்கா வந்தேன்?" என்று சண்டைக்கு வருவார்கள்.

என் கடையின் ஆரம்ப நாட்களில் ஒரு டீச்சர் வந்தார். வெட்டினால் எழுந்து போய்விடுவேன் என்று முதலிலேயே எச்சரித்தார். நுனி முழுக்கத் துடைப்பம்போல இருந்தது. நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, சொல்லாமல், அரை அங்குலம் எடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்டி மைசூர்பாகுடன் வந்து, "பாருங்க, வெட்டாமலே எவ்வளவு அடர்த்தியா ஆயிடுச்சு!" என்றார். நானும் சிரித்துக்கொண்டே மைசூர்பாகைச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து அது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்றும் நினைத்துக்கொண்டேன். ஹேர் டிரையரை ஓடவிட்டால் கத்திரிச் சத்தம் கேட்காது. விழுந்த முடியை அவர்கள் எழுவதற்குள் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுவேன். உங்களில் சிலர் இப்போதே இதைச் செய்துகொண்டிருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

அவளைச் சுகந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேண்டாம். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். எங்கள் தெருவுக்குப் பின்னால் அம்மாவுடன் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போய்வந்தாள். கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைக்கிற வேலை. நாள் முழுக்கக் கேஸ் சுடருக்கு முன்னால் குனிந்திருப்பாள். அந்தச் சூட்டில் முடி காய்ந்து, சிலிர்த்துக்கொண்டு நின்றது. தோளுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருந்தது, நுனி ஒவ்வொன்றும் இரண்டாக மூன்றாகப் பிளந்திருந்தது.

"நெருப்புக்கிட்ட பறக்குதுங்க்கா, ஓனரு சத்தம் போடறாரு" என்றாள். "ஏதாச்சும் பண்ணுங்க. ஆனா வெட்ட மட்டும் வெட்டாதீங்க்கா."

"நுனி பூரா வெடிச்சிருக்கேம்மா."

"வெடிச்சா வெடிச்சுட்டுப் போகுது. கத்திரி மட்டும் படக்கூடாதுங்க."

கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும் மாமியார் எப்படி, நாத்தனார் எப்படி, நேற்று என்ன குழம்பு என்று துருவித் துருவிக் கேட்கிறவள் நான். அவளிடம் "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னொரு டீச்சர் வந்திருக்கிறாள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். எண்ணெய் தேய்த்து, ஆவி பிடித்து, அலசி முடித்ததும் டிரையரைப் போட்டேன். வழக்கம்போல அரை அங்குலம் எடுத்தேன்.

மூன்று வருஷம் வந்தாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பட்டறை விடுமுறை நாளில், காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள். பின்னலை முன்னால் இழுத்து நுனியைப் பார்த்துவிட்டு, "உங்க கைராசிங்க்கா. கத்திரி படாமயே வெடிப்பெல்லாம் போயிருச்சு பாருங்க" என்பாள். தெருவில் யாரைப் பார்த்தாலும் என் கடைக்கு அனுப்பிவைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வருஷம் மட்டும் ஒரு குறை சொல்ல ஆரம்பித்தாள். "இடுப்புக்கு எட்டவே மாட்டேங்குதுங்க்கா. நாலு விரக்கடை இருக்குது. அங்கயே நிக்குது."

"உனக்கு அவ்வளவுதாம்மா வளர்த்தி" என்றேன்.

"இல்லீங்க்கா, எட்டணும்" என்றாள். அதை அவள் சொன்ன விதம் சாதாரணமாக இல்லை. அப்போதும் நான் கேட்கவில்லை. டிரையரைப் போட்டேன்.

அதற்கடுத்த மாதம், அவள் வரவேண்டிய முறை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. நேராக நாற்காலியில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துப் போட்டாள். புருவம் எடுக்க வந்த ஒரு பெண் பெஞ்சில் காத்திருந்தாள். சுகந்தி அவளைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"வெட்டிருங்க்கா" என்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எந்தம்பி செத்துப் போயிட்டானுங்க்கா."

அவளுக்குத் தம்பி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மூன்று வருஷம் அவள் தலையைத் தொட்டிருக்கிறேன், இது தெரியாது.

கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அவள்தான் வளர்த்தாள். சின்னப் பிள்ளையில் அவள் சடை நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். பெரியவனாகி, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போய்வர ஆரம்பித்த பிறகும், கிளம்பும்போதெல்லாம் பின்னால் வந்து சடை நுனியை ஒரு இழுப்பு இழுத்து, "வாரேன்க்கா" என்பானாம். போன இடத்தில் குடிக்கப் பழகினான். ஒருநாள் குடித்துவிட்டு வந்து அம்மாமேல் கை ஓங்கியிருக்கிறான்.

"இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிப்போட்டேனுங்க்கா. உன்ற மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். அன்னிக்கு அவன் சடைய இழுக்கலை. பைய எடுத்துட்டுப் போயிட்டான். வண்டியிலயும் இல்லைன்னாங்க. போனு எடுக்கலை. நாலு வருசம்."

அவன் வீட்டை விட்டுப் போன அந்த மாதமே குலதெய்வத்திடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள். அவன் திரும்பி வரும்வரை தலையில் கத்திரி படவிடுவதில்லை. வந்ததும் அவனையே கூட்டிக்கொண்டு போய் முழு முடியையும் கோயிலில் இறக்கிவிடுவது. இடுப்பைத் தொடுகிறபோது வந்துவிடுவான் என்று அவளாக மனதில் ஒரு கெடு வைத்துக்கொண்டாள். அதனால்தான் அந்த நாலு விரற்கடை.

"ஏதோ ஊருல ரோட்டுக்கடையில தோசை ஊத்திட்டு இருந்திருக்கானுங்க்கா. போன மாசம் காய்ச்சலு. அவன் பையில என்ற நம்பர் எழுதின காகிதம் இருந்துச்சாமா. அதைப் பார்த்துக் கடைக்காரரு இப்பத்தான் கூப்புட்டாரு. காரியமெல்லாம் அங்கயே முடிச்சுப்போட்டாங்களாமா." அவிழ்ந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். "நாலு வருசமும் உசுரோடதானுங்க இருந்திருக்கான். நம்பரும் வெச்சிருந்திருக்கான். நானு ஒரு குறையும் வெக்கலையே. கத்திரியே படலையே. அப்பறம் ஏனுங்க்கா வரலை? நான் சொன்ன சொல்லு அவ்வளவு பெரிசாப் போச்சுங்களா?"

அவள் தலையை நேராக வைத்துக்கொண்டு, "இனி எதுக்குங்க இது. முதல் கத்திரி உங்க கையாலயே படட்டும்" என்றாள்.

கத்திரி என் கையில் இருந்தது. இந்த இடத்தில் நான் யோசித்து நல்ல முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வெட்டிவிடலாம், அவள் அழுதுவிட்டுப் போய்விடுவாள். ஆனால் அப்படிப் போனால், எந்தக் குறையும் வைக்காத நேர்த்திக்கடனையும் மீறித் தன் ஒரு சொல்தான் தம்பியைத் தடுத்துவிட்டது என்று காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாள். சொன்னாலோ, அவள் கும்பிட்டதைக் கெடுத்தவள் நான் என்றாகிவிடும். சாமி கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. முடியில் கத்திரி பட்டதற்காக ஒருவன் வீட்டுக்கு வராமல் இருப்பானா என்று கேட்டால் இருக்க மாட்டான் என்றுதான் சொல்வேன். அவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? கத்திரியை வைத்துவிட்டேன்.

"இது முதல் கத்திரி இல்லம்மா" என்றேன்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"நீ வந்த ஒவ்வொரு தடவையும் நுனியில அரை இஞ்ச் எடுத்திருக்கேன். உன்கிட்ட சொல்லலை. டிரையர் ஓடுறப்ப எடுப்பேன். வெடிப்பு ஏறக்கூடாதுன்னுதான்... எனக்குத் தெரியாதும்மா. இப்படின்னு எனக்குத் தெரியாது."

பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். சுகந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கூலி கணக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"மொத்தம் எவ்வளவுங்க வெட்டியிருப்பீங்க?"

"ஒரு சாண் இருக்கும்."

"வெட்டாம இருந்திருந்தா இடுப்புக்கு வந்திருக்குமுங்களா?"

"வந்திருக்கும்மா."

"எப்பங்க?"

முடி மாதத்துக்கு எவ்வளவு வளரும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அந்தக் கணக்கைப் போடவே பயமாக இருந்தது. "போன வருஷமே வந்திருக்கும்" என்றேன்.

"போன வருசம் அவன் உசுரோட இருந்தானுங்க" என்றாள்.

அன்று நான் அழுதேன். அவள்தான் அழவில்லை. முடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அவன் புடிச்சு இழுத்த நுனியெல்லாம் போயிருச்சுங்களா?"

"போயிருச்சு."

"எங்கீங்க போட்டீங்க?"

"குப்பையிலதாம்மா."

"அவன் இருந்தப்ப என்ற தலையில இருந்த முடி எதுவுமே இதுல இல்லீங்களா?"

இருந்தது. நல்லவேளையாக அதை மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. முடி வேரிலிருந்து வளர்கிறது, நுனிதான் பழசு. அவன் வீட்டை விட்டுப் போனபோது அவள் தலையில் இருந்த முடியின் மேல்பாதியில் கொஞ்சம் தப்பித்து, இப்போது கீழ்க்கோடியில் இறங்கி நின்றது. அவள் முடியைக் கையில் எடுத்து, நுனியிலிருந்து உள்ளங்கை அகலத்தை அளந்து காட்டினேன். "இதுவரைக்கும் அப்ப இருந்ததும்மா. இதுக்கு மேல உள்ளதெல்லாம் அவன் போனதுக்கப்பறம் வளர்ந்தது."

என் விரல்களிலிருந்து முடியை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள். மேலே போர்த்தியிருந்த துணியைத் தானே கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். நின்றபடியே பின்னினாள். பின்னி முடித்து, அந்த நுனியைக் கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அதன் பிறகு என் கடைப் படி ஏறவில்லை.

வாசலில் நின்ற பெண் உள்ளே வந்து, "அக்கா, நான் நாளைக்கு வரட்டா?" என்று கேட்டாள். இல்லை உட்கார் என்று சொல்லி நூலை எடுத்தேன். ஒரு புருவம் ஏறியும் ஒன்று இறங்கியும் போய்விட்டது. அவள் பாவம், காசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நான் யார் முடியையும் சொல்லாமல் வெட்டியதில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களிடம் ஏன் என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் சும்மா ஆசைக்குத்தான் சொல்வார்கள். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் டீச்சராகத்தான் இருப்பார்கள், விளக்கிச் சொல்லி வெட்டினால் மைசூர்பாகுகூடக் கொடுப்பார்கள். மீதியுள்ள அந்த ஒருத்தி யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல நமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது சரிதான், பிளந்த நுனியை வெட்டத்தான் வேண்டும். அந்த முடி யாருக்காக வளர்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. வெட்டலாமா வேண்டாமா என்று சொல்லவேண்டியவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். பிளந்து போய்த் துடைப்பமாகத் தொங்கினாலும் அது அவள் தலை. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அந்த வயதில் கேட்டிருப்பேனா தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து அவளைப் பார்த்தேன். ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஏறியவள் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். வந்து உட்கார்ந்தாள். பின்னல் இடுப்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. முன்னால் எடுத்து மடியில் போட்டிருந்தாள். நுனியை ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி நூலால் கட்டியிருந்தாள். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு முடிகள் செம்பட்டையாக, பிளந்து, சிலிர்த்து நின்றன. என் விரல்கள் பழக்கத்தில் அதை நோக்கிப் போகப் பார்த்தன. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு அவளே பேசினாள்.

"நுனி உடையாம இருக்கறதுக்கு என்ன பண்ணணுமுங்க?"

முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுவாள். அன்று போடவில்லை. நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் அலசு. போர் தண்ணி அந்த நுனியில படவே கூடாது. நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு, உள்ளங்கையில தேய்ச்சு ஒத்தி எடு. சீப்பு அதுவரைக்கும் கொண்டுபோகாதே, விரலாலயே பிரி. தூங்குறப்ப துணியை அவுக்காதே. பட்டறையில சேலைக்குள்ள செருகிக்கோ. இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவரிடமும் இவ்வளவு கவனமாகச் சொன்னதில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"இதெல்லாம் பண்ணினா நிக்குமுங்களா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. அவளிடம் இன்னொரு பொய்யா என்றும் தோன்றியது.

"கொஞ்ச நாளைக்கு நிக்கும்மா. ரெண்டு வருஷம், மூணு வருஷம். வெடிப்பு ஏறத்தான் செய்யும். கத்திரி படாட்டியும் ஒருநாள் அது உடைஞ்சுதான் போகும்."

துணி சுற்றிய நுனியை விரலால் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன்.

"தானாப் போனா அது வேறங்க" என்றாள்.

பட்டறை நிறுத்தம் வந்தது. எழுந்தாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. படியில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. யாருடைய பையிலும் கம்பியிலும் மாட்டிவிடாதபடி நுனியை ஒரு கையில் பொத்திக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பிடித்து, மெதுவாக இறங்கிப் போனாள்.